இரட்டை நத்தை

லாரிக்காரன் சத்தியம் செய்தான்,
கேட்கவே இல்லை என்று.
பொய்யில்லை.
என் வண்டியின் பழைய ஹாரன்
சளி பிடித்த ஆட்டுக்குட்டி.

முழங்கையில் தோல் போனது, வலப்பக்கக் கண்ணாடி போனது,
பின்னால் வந்தவளின் தக்காளிக் கூடை
ஜின்ஜா சாலை முழுக்க உருண்டது.
தக்காளிக்குப் பணம் நான் கொடுத்தேன்.

கிசெக்கா சந்தையில் முகேர்வாவின் கடை
ஓர் ஆள் அகலம்.
உத்தரத்தில் ஹாரன்கள் தொங்கின,
கசாப்புக் கடையில் ஈரல்போல.
ஒவ்வொன்றாய் இறக்கி
பேட்டரியில் தொட்டுக் காட்டினான்.
முதலாவது தும்மியது.
இரண்டாவது வட்டத் தட்டு.
‘நூற்றைந்து டெசிபல்’ என்றான்,
உருளைக்கிழங்கை எடை பார்ப்பதுபோல்
உள்ளங்கையில் குலுக்கி.
மூன்றாவது காற்று ஹாரன்.
எதிர்க்கடைக்காரி செருப்பைக் கழற்றினாள்.
அவனே திரும்ப மாட்டிவிட்டான்.

நான்காவது ஒரு ஜோடி.
எங்கோ நசுங்கிய ஜப்பான் காரிலிருந்து
பிழைத்து வந்தவை.
நத்தை வடிவம்.
ஒன்று கீழ்க்குரல், ஒன்று மேல்குரல்.
சேர்ந்து ஒலித்தால்,
பேச்சுவார்த்தை இல்லாத புருஷனும் பெண்டாட்டியும்
கடன்காரனைப் பார்த்து
ஒரே நேரத்தில் கத்தியதுபோல.
வழிவிடு என்ற சொல்லைப் போயும் போயும்
நத்தை ஓட்டுக்குள்ளா சுருட்டி வைப்பார்கள்?
அறுபதாயிரம் கேட்டான்.
நாற்பத்திரண்டில் முடிந்தது. ரிலே தனி.

ரிலே எதற்கு என்றேன்.
‘உன் பழைய கம்பி நூல்.
இவை குடிக்கும் கரண்டுக்கு எரிந்தே போகும்.
பொத்தான் இதன் காதில் குசுகுசுக்கும்.
இது போய் பேட்டரியிடம் கத்தும்.’
எங்கள் ஸ்டேஜ் தலைவர் ஞாபகம் வந்தது.

ஹெட்லைட்டுக்குக் கீழே இடமில்லை.
இரும்புப் பட்டையை வளைத்து,
ஒன்றை இடப்பக்கம், ஒன்றை வலப்பக்கம்,
வாய் தரையைப் பார்க்க முடுக்கினான்.
மேலே பார்த்தால் மழை குடிக்குமாம்.
சிவப்புக் கம்பியில் ஃபியூஸ்,
அது சீட்டுக்கு அடியில்.

ஸ்டேஜில் இருபத்து மூன்று ஆண்கள், நான்.
முதல் அழுத்தலில்
கிசிட்டு தேநீரைத் தொடையில் ஊற்றிக்கொண்டான்.
இரண்டு நாள் எனக்கு வழி கிடைத்தது.
வேன்கள் ஒதுங்கின,
வாழைத்தார் ஏற்றிய சைக்கிள்கள் ஒதுங்கின,
ஒரு போலீஸ்காரர்கூட ஒதுங்கிவிட்டு
பிறகு முறைத்தார்.

மூன்றாம் நாள் மழை.
டாக்சி நிறுத்தத்தின் வாயில், சுற்றிலும் வேன்.
அழுத்தினேன். விட்டேன்.
அது விடவில்லை.

பொத்தானுக்குள் தண்ணீர்.
அடித்தேன், ஊதினேன், கெஞ்சினேன்.
கண்ணாடிகள் இறங்கின,
ஒவ்வொன்றிலும் ஒரு வாய் திறந்து மூடியது.
பின்சீட்டில் மருத்துவச்சி நலுபேகா
தோளைத் தட்டி ஏதோ சொன்னாள்.
கேட்கவில்லை.
லாரிக்காரனை அங்கேதான் மன்னித்தேன்.

ஃபியூஸ் சீட்டுக்கு அடியில்.
சீட்டுக்கு மேல் அவள்.
இறங்கு என்கிறேன்,
அவள் காதைத் தொட்டுத் தலையாட்டுகிறாள்.
கடைசியில் கழுத்தைப் பிடித்து இறக்காத குறை.

பிடுங்கினேன்.

மழை பெய்கிற சத்தம்
அப்போதுதான் கேட்டது.
தெருவே என்னைப் பார்த்தபடி நின்றது.
விளக்குக் கம்பத்தின் மேல் மாரபூ நாரை மட்டும்,
வேறு யார் வழக்குக்கோ வந்த வக்கீல்போல்,
திரும்பக்கூட இல்லை.

ஃபியூஸ் சட்டைப்பையில்.
பிரசவ வார்டு வரை வாயால்தான்:
ஏய், ஏய், வழி, வழி.
பாதித் தூரத்தில் நலுபேகாவும் சேர்ந்துகொண்டாள்.
அவளுக்கு மேல்குரல்.