அரைப்புள்ளி

கேதம் சொல்லிப் போன் வந்தபோது
பங்குனிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தேன்.
பல்லவன், ஜன்னலோரம்.
பணம் போய்விட்டது, சீட்டு வரவில்லை,
சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது திரையில்.

திண்ணப்பன் சித்தப்பா.
அப்பச்சியோடு பிறந்த ஏழு பேரில் மிச்சம்.
காரைக்குடி செக்காலையில் முதல் மாடி, வாடகை வீடு.
பங்கு வீட்டில் தன் அறையை
அண்ணன் மக்களுக்கு விட்டுக்கொடுத்தவர்.
விட்டுக்கொடுத்ததை
நாற்பது வருஷம் விடாமல் சொல்லிக்காட்டியவர்.

'தப்பு' என்றுதான் பேச ஆரம்பிப்பார்.
பெரிய அத்தை போனது வெள்ளிக்கிழமை என்பேன்.
தப்பு. வியாழன் ராத்திரி.
ஐயா மலாயாவிலிருந்து ரஜூலாவில் வந்தார்கள் என்பேன்.
தப்பு. ஸ்டேட் ஆப் மெட்ராஸ்.
என் கல்யாணத்தன்றைக்கு என்ன மழை, சித்தப்பா!
தப்பு. தூறல்.

சித்தி இறந்த வருஷம் கோயில் கணக்கில்
அவர் புள்ளி பாதியானது.
மறு வருஷம் என்னுடையது.
கேட்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு
ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தார்:
'நீயும் அரை, நானும் அரை.
கூட்டினா ஒண்ணு வராது உமையா.
நான் மாத்தூர், நீ வைரவன்கோயில்.'
சிரித்தாரா என்று தெரியவில்லை.
அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகப் பசித்தது.

பொங்கல் கழிந்து போய்ப் பார்த்தது கடைசி.
காது மிஷினைக் கழற்றிச்
சோப்பு டப்பாவில் போட்டிருந்தார்.
'வாரேன் சித்தப்பா.'
'எப்ப?'
கிளம்புகிறவர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தை.
அதற்குத் தேதி கேட்டது அவர் ஒருவர்தான்.
'பங்குனி உத்திரம் கழிச்சு.'
'கழிச்சுன்னா?'
'மறுநா.'
தலையாட்டினார். படி வரைக்கும் வரவில்லை.
செருப்பு மாட்டிக்கொண்டிருக்கையில்
உள்ளே தாள் புரளும் சத்தம் கேட்டது.
பேப்பர் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு
ஆட்டோவில் ஏறினேன்.

நேற்றுக் காரியம் முடிந்தது.
வெயிலில் வாடகைப் பந்தலைப் பிரிக்கிறார்கள்.
தினசரிக் காலண்டர்
மாசி பதினொன்றில் நிற்கிறது.
கிழிக்கப் போன கை சும்மா புரட்டியது.
பங்குனியில் ஒரு தாளில்,
நல்ல நேரத்துக்கும் ராகு காலத்துக்கும் நடுவே,
பென்சிலில்:
உமையாள் வரவு.
அதன் கீழே, பொடி எழுத்தில்,
பால் அரை லிட்டர் கூட.

எதையும் கிழிக்கவில்லை.
அந்த அரையையும் இனிக் கோயிலில் அடித்துவிடுவார்கள்.
பேரேட்டில் அதற்கு எவ்வளவு மை ஆகும்.

'அத்தை, இது யாரு?'
பேரன் கதிரேசன், சிங்கப்பூரிலிருந்து வந்தவன்,
பழைய போட்டோ ஒன்றைச் செல்லில் பிடித்துப்
பெயர் பெயராக ஏற்றிக்கொண்டிருக்கிறான்.
அப்பச்சி, அத்தைகள், அரைக்கால் சட்டையில் சித்தப்பா.
ஓரத்தில் குடை பிடித்தபடி ஒரு பெண்.
முகத்தில் பாதி குடை நிழல்.

இந்தக் கேள்வியை நானும் ஒருதரம் கேட்டிருக்கிறேன்.
சொன்னார். அடுப்பில் பால் பொங்கியது, ஓடிவிட்டேன்.

'அவுகளா? சோலையாச்சி.
ஐயாவுக்குத் தங்கச்சி முறை.
ராங்கியத்துல வாக்கப்பட்டவுக.'
எங்கிருந்து வந்தது அந்த ராங்கியம், தெரியாது.
குரல் பிசகவே இல்லை.
அவன் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறான்.
சோ, லை, யா.

நான் உள்ளறைப் பக்கம் திரும்பி
ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன்.
நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.
'ராங்கியத்துக்குப் பெரிய றாவா அத்தை?'
ஆமாம் என்றேன்.