பதினேழு அறை

ஜாலான் டூத்தா, மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.
குளிரூட்டி என் தலைக்கு நேர்மேலே.
ஆறு வருடமாய் இதே இடத்தில் நிற்கிறேன்,
சால்வை மறந்த நாளெல்லாம் தடுமன்.

தமிழில் கேட்டு மலாயில் சொல்வது,
மலாயில் கேட்டுத் தமிழில் சொல்வது.
கூட்டுவதில்லை, குறைப்பதில்லை என்று
வேலைக்குச் சேர்ந்த அன்று சத்தியம் செய்தேன்.

சாட்சிக் கூண்டில் தமயந்தி.
செந்தூல் அடுக்குமாடி, பதினான்காம் தளம்.
லிஃப்ட் இருக்கு என்றாள், யாரும் கேட்காமலே.
அப்புறம், ஓடாது என்றாள்.

"அறையில வச்சு அறைஞ்சாரு."

பிலிக் என்றேன், தம்பார் என்றேன்.
மலாயில் அவை தூரத்துச் சொந்தம்கூட இல்லை.
ஒன்றுக்குக் கதவு உண்டு, இன்னொன்றுக்குக் கை.
தமிழில் ஒரே சொல் உள்ளே வந்து
தாழ் போட்டுவிட்டுத் திரும்புகிறது.

எதிர்த்தரப்பில் ஞானசுந்தரம் எழுந்தார்.
கையில் தடித்த அகராதி, செருகிய மஞ்சள் தாள்.
"அறைதல் என்றால் சொல்லுதல், புவான்.
பழம்பாட்டெல்லாம் அப்படித்தான்.
என் கட்சிக்காரர் மனைவியிடம்
ஏதோ சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்."

அகராதி பொய் சொல்லவில்லை.
பறை அறைந்தார்கள், ஆணி அறைந்தார்கள்,
அலை பாறையை அறைந்தது,
புலவர் அவையில் எழுந்து அறைந்தார்.
இரண்டு விரற்கடை தள்ளி
அறு என்பதிலிருந்து அறை:
அறுத்துப் பிரித்த பங்கு,
வீட்டை வெட்டினால் விழும் துண்டு.

எனக்குத் தெரியும்.
பிரிக்ஃபீல்ட்ஸில் நான் இருப்பது அப்படி ஒரு துண்டில்.
பலகைத் தடுப்பு கூரைவரை போகாது,
அந்தப் பக்கத்து ஆளின் அலாரத்தில்தான் எழுகிறேன்.
படிக்கட்டில் வீட்டுக்காரர் எழுதி ஒட்டியிருந்தார்:
'அரை வாடகைக்கு.'
எழுத்துப்பிழை என்று சிரித்துக்கொண்டே ஏறினேன்.
பிழை இல்லை.
வாடகை மட்டும் முழுசு.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"வீட்டில் எத்தனை பிலிக், கேளுங்கள்.
பிள்ளைகள் எங்கே தூங்கினார்கள் என்று
எனக்குத் தெரிய வேண்டும்."

கேட்டேன்.
"வீட்ல எத்தனை அறை?"

தமயந்தி பதில் சொல்லவில்லை.
கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவில் ஏறியது.
தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி, என்றாள் தனக்குள்.
அடுத்த கணு: கேஸ் தீர்ந்துபோன அன்னிக்கு.
அடுத்த கணு: சும்மாதான்.
ஒரு கை முடிந்து மறுகையில் நடந்து
இரண்டாம் விரலின் நடுக்கணுவில் நின்றது.

"வீட்ல மட்டும்னா, பதினேழு."

ஞானசுந்தரத்துக்குத் தமிழ் தெரியும்.
குனிந்து மஞ்சள் தாளைத் தேடிக்கொண்டிருந்தார்,
அது அவர் பிடித்திருந்த பக்கத்திலேயே இருந்தது.

தவறு என் கேள்வியில்.
தூங்குற ரூம் எத்தனைம்மா என்று
திருத்திக் கேட்டால் முடிந்தது.
வாயைத் திறந்தேன்.
கூட்டுவதில்லை. குறைப்பதில்லை.

"துஜோ பெலாஸ்," என்றேன்.

"பதினேழு பிலிக்கா? செந்தூல் ஃபிளாட்டிலா?"
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"பிலிக் இல்லை, புவான்.
நான் கேட்ட சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்.
சாட்சி மற்றதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்."

பேனா தாளிலிருந்து கொஞ்சம் உயர்ந்து
அங்கேயே நின்றது.
பிறகு ஆட்சேபம், பிறகு வாதம்,
பிறகு அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி.

வெளியே டாக்ஸி நிற்குமிடத்தில் மழை.
நெகிழிப் பையைத் தலைக்குப் பிடித்தபடி
தமயந்தி பக்கத்தில் வந்தாள்.
"ரூமைத்தான் கேட்டாங்களா, மேடம்?"

ஆமாம் என்றேன்.

"ரூம் ஒண்ணுதான்.
பிள்ளைங்களும் அதுலதான் படுத்திருந்துச்சுங்க.
அதையும் எழுதிக்கச் சொல்லுங்க."