பழைய எண் 18, புது எண் 41

சித்திரையில் சில நாள்
சூரியன் மண்ணடிக்கு நேர் மேலே வந்து நிற்கும்.
நிழல் செருப்புக்கு அடியில் போய்விடும்.
வெயில் சுவரைத் தடவிக்கொண்டே இறங்கும்.
வெள்ளையடித்து மூடிய எழுத்துகூட அப்போது
லேசாகப் புடைத்துத் தெரியும்,
போர்வைக்குள் முழங்கால் மாதிரி.

நான் வங்கிக்காகப் படம் எடுப்பவள்.
கடன் கேட்டு வரும் கட்டடங்களை
நான்கு பக்கமும், மாடிப்படி, மொட்டை மாடி,
விரிசல் இருந்தால் அளவுக்கு
அதன் ஓரம் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று பிடித்து.
படிவத்தில் பெயர்ப்பலகைக்குக் கட்டம் இல்லை.
அதை எனக்கென்று எடுத்துக்கொள்கிறேன்.

'விலை'யில் லையன்னாவுக்குத் துதிக்கை இருந்தால்
எனக்கும் மூத்த பலகை.
ஐந்தே இலக்கத்தில் தொலைபேசி எண் என்றால்
கூப்பிட்டுப் பார்ப்பேன், கிடைக்காதென்று தெரிந்தே.
மூர் தெருவில் ஒரு கடிகாரக் கடை,
பழுது பார்க்குமிடம் என்று இருந்திருக்கும்.
பாதிக்கு மேல் சாக்கடைக் குழாய் இறங்கியதில்
மிச்சம்: பழுது பார்.
பார்த்தேன்.

ஆள் வராமல் எடுப்பதுதான் என் வழக்கம்.
மீன்பாடி வண்டி போகட்டும்,
தண்ணீர்க் குடம் போகட்டும்,
டீ கிளாஸோடு நிற்பவர் குடித்து முடிக்கட்டும்.
ஒரு நொடி எல்லாரும் விலகுவார்கள்.
அந்த நொடியில் தெரு
ஒட்டகம் கூட இல்லாத ஊராகிவிடும்.
ஒரு கோடிப் பேர் இருக்கும் நகரத்தில்
பாலைவனம் எடுக்கப் பொறுமை போதும்.

அன்று ஐஸ் டிப்போ.
சுண்ணாம்பில் புடைத்த பெரிய எழுத்து,
கீழே வட்டத்துக்குள் கதவு எண் பதினெட்டு,
அதன் மேல் மாநகராட்சியின் நீலத் தகடு நாற்பத்தொன்று.
உரிமையாளர் கொடுத்த தாளில்
'காலி. குடியிருப்போர் எவருமில்லை.'

விரிசலில் நாணயம் நழுவி உள்ளே போனது.
விழுந்த சத்தம் வரவில்லை.

மாடியிலிருந்து ஒரு குரல்:
"அஞ்சு ரூபாவா? அது இனி வராது.
என் சாவியும் அங்கதான் கீது."

மைமூன் இறங்கி வந்து
நீலத் தகட்டுக்குக் கீழே நின்றார்,
முக்காட்டைச் சரிசெய்துகொண்டு.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா."

"தள்றதா? தள்ளினா எனக்கு எதுக்கு இந்த படம்?
கேஸ் ஆபீஸ்ல அட்ரஸ் புரூஃப் கேக்கறான்.
பழசு போட்டா புதுசு எங்கேங்கறான்,
புதுசு போட்டா பழசு எங்கேங்கறான்.
வாடகை வாங்கறவன் ரசீது குடுக்க மாட்டான்.
ரெண்டு நம்பரும் விழணும், நானும் விழணும். எடு."

எடுத்தேன்.
கண்ணை மூடிவிட்டேன் என்றார். இன்னொன்று.
பிறகு ஓடிப்போய் மாமியார் படத்தையும்
மளிகைச் சீட்டையும் கொண்டுவந்து
நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். இன்னொன்று.
பிள்ளைகள் இரண்டு பேர் பள்ளிச் சீருடையில்.
ஒரு பூனை, அழைக்காமலே.
சூரியன் கொஞ்சம் நகர்ந்துவிட்டது.
ஐஸ் என்ற எழுத்து சுவருக்குள் திரும்பிப் போனது.
பதினெட்டு மட்டும் தங்கியது.

மூன்றாம் நாள் மேலாளர் கூப்பிட்டார்.
"கட்டடம் காலின்னு இருக்கு.
உங்க படத்துல ஒரு அம்மா நிக்கிறாங்க."

"ஆமா சார்."

"ஆள் இல்லாம எடுத்தது வேற இருக்குமே,
நீங்க நிறைய எடுப்பீங்களே?"

அறுபத்திரண்டு இருந்தது.
வெறிச்சோடிய தெரு, அருமையான வெயில்,
ஒவ்வொரு எழுத்தும் எண்ணிச் சொல்லலாம்.

"இல்ல சார்," என்றேன்.
"அங்க யாராவது
நின்னுக்கிட்டே இருக்காங்க."