தலைமாடு

எக்கிமான் அம்மா அனுப்பிய தாள்
குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தொங்குகிறது,
பல்வைத்தியர் திகதிக்கும் குப்பை வண்டி அட்டவணைக்கும் நடுவில்.
பதினொரு வரி. ஒன்றிலும் ‘தயவுசெய்து’ இல்லை.
நூல் நுனிகளை நறுக்கவும்.
தையல் மடிப்புகளை அயர்ன் செய்து படியவைக்கவும்.
அடித்துணி சுற்றிவரப் பத்து சென்ரிமீற்றர் கூட இருக்கவேண்டும்.
மூன்று அடுக்கையும் தனித்தனியே கொண்டுவரவும்;
ஒன்றோடொன்று குத்த வேண்டாம்.

நான் குத்திவிட்டிருந்தேன்.
சோபாவைச் சமையலறைக்குத் தள்ளி
பூர்க்டோர்ஃபில் எங்களுக்கென்று இருக்கிற முழுத் தரையிலும்
மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று விரித்து
முழங்கால் சிவக்கச் சிவக்க
முந்நூற்று நாற்பது குண்டூசி.

முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்துவந்த காலையில்
தேத்தண்ணி ஆற ஆற
ஒவ்வொன்றாய்க் கழற்றினேன்.
எண்ணினால் முந்நூற்று முப்பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன். அதே.

அவருடைய மெசின் மூன்றரை மீற்றர் நீளம்.
அதன் ஊசி நிமிடத்துக்கு இரண்டாயிரம் தரம் இறங்குமாம்.
பஞ்சுக்குள் படுத்திருக்கும் ஒரு குண்டூசி போதும்.

காந்தம் வேண்டும். வீட்டில் இருந்த காந்தம்
அந்தத் தாளைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் பசு ஒன்றுதான்.
பசுவை எடுத்தேன், கட்டளைகள் கீழே விழுந்தன.
நீலச் சதுரம், கடுகுநிறச் சதுரம், மறுபடி நீலம்,
பசு வரிசை தப்பாமல் மேய்ந்தது.
எண்பதாவது சதுரத்தில்
டிக்.
வாயில் கவ்விக்கொண்டு நிமிர்ந்தது.

பிறகு திருப்பிப் போட்டு நூல் பார்த்தேன்.
இளமஞ்சளுக்கு அடியில் ஒரு கறுப்பு நூல் கிடந்தாலும்
மேலே நரம்புபோலத் தெரியும்.
கரைத்துணி வேறு அப்பளம் பொரிந்த மாதிரி
நெளிந்து நின்றது.
ஓரத்தை அளந்து வெட்டியது என் பிழை;
நடுவில் அளந்திருக்க வேண்டும்.
பிரித்தேன். நடுவில் அளந்தேன்.
ஓரம் நடுவைவிட நான்கு விரல் நீண்டிருந்தது,
யாரும் இழுக்காமலே.

பதினொராவது வரியில்தான் நின்றுபோனேன்.
மேற்பக்கம் எது? அடையாளம் வைக்கவும்.

எங்கள் கட்டில் கிழக்கு ஜன்னலோடு ஒட்டிக் கிடக்கிறது.
கமலேந்திரன் இரவில் கிழக்கே தலைவைப்பார்.
ஐந்தரைக்கு எழும்பி மரத் தொழிற்சாலைக்குப் போவார்.
ஏழரைக்கு நான் வந்து விழும்போது
வெயில் அவருடைய தலையணையில் உட்கார்ந்திருக்கும்.
அதனால் நான் மேற்கே தலைவைக்கிறேன்,
வெயிலுக்குக் காலைக் கொடுத்து.
அவருடைய தலைமாடு எனக்குக் கால்மாடு.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு தலையும் ஒரே பக்கம்;
எந்தப் பக்கமென்று முதலில் தூங்குகிறவர் தீர்மானிப்பார்.

சிவப்பு நூலால் ஒரு முனையில் முடிச்சிட்டேன். அவிழ்த்தேன்.
மறுமுனையில் இட்டேன்.
பிறகு தொலைபேசி எடுத்து
எனக்குத் தெரிந்த ஜெர்மனில் இதையெல்லாம் சொன்னேன்:
கட்டில், வெயில், ஐந்தரை, ஏழரை.
சொல்லும்போதே வெட்கமாக இருந்தது,
படுக்கையறையை ஒரு பிறத்தியாருக்குத் திறந்து காட்டுகிறேனே என்று.

அந்தப் பக்கம் கொஞ்சநேரம் ஒன்றும் கேட்கவில்லை.
பென்சில் உரசும் சத்தம்.
“அப்படியானால் பூவும் இலையும் சரிவராது,” என்றார்.
“அவை ஒரு பக்கம் பார்த்துத்தான் முளைக்கும்.
அலைவரி போடுகிறேன். அதற்குத் தலை கால் இல்லை.”
பிறகு, விலை அதேதான் என்றார்.
பிறகு, பஞ்சை மடிக்காமல் சுருட்டிக் கொண்டுவா என்றார்.

ஹாஸ்லேக்குப் போகும் ரயிலில்
மூன்று பொதியும் மூன்று இருக்கையில்.
டிக்கெட் பார்ப்பவர் என்னைப் பார்த்தார், அவற்றைப் பார்த்தார்.
மேல்துணிப் பொதியை மடிக்கு எடுத்துக்கொண்டேன்.

குளிர்சாதனப் பெட்டியில் பசு இப்போது
ஒன்றையும் பிடிக்காமல் நிற்கிறது.
அதன் கீழே கமலேந்திரன் பென்சிலால் எழுதிய துண்டு,
கவனமாக, நாடாவால் ஒட்டி:
குண்டூசி இன்னொன்று. என் காலுறையில்.
மொத்தம் முந்நூற்று நாற்பத்தொன்றா?