தொடுகோணம்

காங்கேயத்தில் காற்றுக்கே கொப்பரை வாசம்.
கரி ஃபேக்டரியின் பின்கட்டில் என் ஆய்வறை.
ஒரு ஜன்னல், ஒரு கேமரா,
சொட்டு விட ஓர் ஊசி.

வேலை சின்னது.
கிராஃபைட் தகட்டில் ஒரு சொட்டு நீர் வைத்து
அது எவ்வளவு நிமிர்ந்து உட்காருகிறது என்று
பாகையில் குறிக்க வேண்டும்.
படர்ந்தால் இணக்கம்.
உருண்டால் பிணக்கு.
ஆறு மாதமாய் நோட்டில்
தொண்ணூறு, தொண்ணூற்றொன்று, எண்பத்தொன்பது.
கரிக்குத் தண்ணி ஆகாதுங்க என்று
மேனேஜர் ராக்கியப்பனிடம் எழுதியே கொடுத்துவிட்டேன்.

சாட்சிக்குச் சுபல் இருந்தான்,
ஒடிசாக்காரன், சூளையில் வேலை.
குழாயடியில் அவன் முழங்கைக் கரித்தூளில்
தண்ணீர் முத்து முத்தாய் ஓடும்.

ஆனால் அந்தச் சூளையில்தானே
நீராவி புகுந்து
சிரட்டைக்கரியைக் குடைகிறது?
தானே தோண்டிய அறைக்குள்
தானே போகத் தயங்குமா நீர்?
தயங்குகிறது.
உள்ளே எங்கோ ஓர் ஆக்சிஜன் முனையை
முதல் மூலக்கூறு பற்றிக்கொள்ளும்வரை.
ஈரோடு பஸ்ஸில் ஒருவன் துண்டு போட்டுவிட்டால்
குடும்பமே ஏறிவிடுமே,
அப்படி, அப்புறம் ஒரே நெரிசல்.

நேற்று ராத்திரி ஷிஃப்டில்
சும்மா இருக்க மாட்டாமல்
தகட்டின் மேல் செலோடேப் ஒட்டிச்
சர்ரென்று உரித்தேன்.
டேப்போடு ஓர் ஏடு வந்தது.
அடியில் யாரும் பார்த்திராத கருப்பு.
சொட்டு வைத்தேன்.
சரிந்து உட்கார்ந்தது.
அறுபத்திரண்டு.

ஊசியைக் கழுவி மறுபடி உரித்தேன்.
அறுபத்து மூன்று.

பத்து நிமிஷம் விட்டு, எழுபது.
டீ குடித்து வந்தால் எண்பத்தொன்று.
வெள்ளகோவில் முதல் பஸ் ஹாரன் அடித்தபோது
பழையபடி தொண்ணூறு.

தகட்டை யாரும் தொடவில்லை.
ஜன்னல் திறந்திருந்தது.
எதிரே எண்ணெய் மில்
ராவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

மேனேஜர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.
"அப்ப ஆறு மாசக் கணக்கு பூராப் பொய்யாம்மா?"

"இல்லீங்க, அதுவும் சரிதானுங்க.
கரியை அளக்கலீங்க,
காங்கேயத்தை அளந்திருக்கறனுங்க."

அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.
வாசம் உள்ளேயேதான் இருந்தது.