தன்மை ஒருமை

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு விதி உண்டு:
"அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது.
யார் பேசினாலும் 'நான்' என்றே பேசவேண்டும்.
மணிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு,
ஓட்டோக் காசு தனி.

அன்னெமீக் நெதர்லாந்திலிருந்து வந்திருந்தாள்.
நாற்பத்தொரு வயது. என்னைவிடக் கறுப்பு.
விமான நிலையத்திலிருந்து வெள்ளவத்தைப் புடவைக்கடை வரை
எல்லோரும் அவளிடம்
முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில்,
பிறகு கொஞ்சம் கோபமாக.
"பாஷை தெரியாத மாதிரி நடிக்கிறா" என்றான் கடைப்பையன்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிளாஸ்டிக் உறைக்குள் அவளுடைய கோப்பு.
குழந்தையின் பெயர்: இந்திரமலர்.
தாய்: மணமாகாதவர், சுயவிருப்பில் சம்மதித்தார்.
கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருவிரல்,
மை கூடிப்போய், பாதி ரேகை அழிந்து.
பதின்மூன்று வயதில் அதன்மேல்
தன் விரலை வைத்து வைத்துப் பார்த்தாளாம்.
ரேகை பரம்பரையாக வராது என்று
பிறகுதான் யாரோ சொன்னார்கள்.

கொட்டாஞ்சேனை. மூன்றாம் மாடி. லிப்ட் இல்லை.
பிலோமினா இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.
கையைக் கழுவி, நைற்றியில் துடைத்து,
கதிரை எடுத்துப் போட்டாள்.
நான் அவளுடைய பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்னெமீக் பேசினாள். நான் சொன்னேன்:
"நான் உங்கள் மகளாக இருக்கலாம்."
பிலோமினா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
பிறகு பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள்.

"இல்ல புள்ள. நான் பெக்கல்ல.
கோட்டுக்குப் போயி நின்னது மட்டுந்தான்.
நூத்தம்பது ரூவாயும் ஒரு சாரியும்.
அஞ்சு புள்ளைக்கி அப்பிடி நின்னேன்.
ஒவ்வொரு தடவையும் வேற பேரு."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்:
நான் உன்னைப் பெறவில்லை.
நீதிபதி முன் உன் தாயாக நின்றேன்.
அதற்குக் கூலி வாங்கினேன்.
என் குரல் தெளிவாக இருந்தது.
அதற்காகத்தான் என்னை அழைப்பார்கள்.

கைப்பையில் டிசு வைத்திருந்தேன்.
அவளோ, "எவ்வளவு நேரம் தூக்கி வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டாள்.

"காலைல எட்டரைக்குத் தந்தாங்க.
கூப்புடக்குள்ள பகல் தாண்டிருச்சி.
எந்தப் புள்ள நீயின்னு எனக்குத் தெரியாதும்மா.
ஒன்னு புதுச்சாரியில மூத்திரம் பேஞ்சிச்சி.
ஒன்னு என் தோட்டைப் புடிச்சது, விடவேயில்ல.
விரல ஒவ்வொன்னாப் பிரிச்சித்தான் குடுத்தேன்."

"அது நானாக இருக்கட்டும்" என்றாள் அன்னெமீக்.
எது என்று சொல்லவில்லை.

பெற்றவள் வந்தாளா?

"கேட்டுக்கு வெளிய ஒருத்தி நின்னா.
பால் கட்டி, சட்ட முன்னால நனஞ்சிருந்திச்சி.
மொகத்தப் பாக்கல்ல.
பாத்தா காசு வாங்க ஏலாது."

நனைந்த சட்டையைச் சொல்வதா, விடுவதா.
விதியில் அதற்கு இடமில்லை.
சொன்னேன்.

"உயரமா?"

பிலோமினா எழுந்து கதவுநிலையில் கை வைத்தாள்.
யோசித்து, இரண்டு விரற்கடை இறக்கி,
"இவ்வளவு" என்றாள்.
அவள் கையை எடுத்த பிறகு
அன்னெமீக் கைபேசியில் படம் எடுத்தாள்,
வெறும் கதவை.

ஓட்டோவில் பற்றுச்சீட்டு எழுதினேன்.
மூன்று மணி நேரம் இருபது நிமிடம். மூன்று என்று போட்டேன்.
பெயர்?
இந்திரமலர் என்று எழுதச் சொன்னாள்.
"அந்தப் பெயரும் பொய்யாக இருக்கலாம்.
வேறொரு குழந்தையினதாகவும் இருக்கலாம்" என்றேன்.
அன்று நான் என் வாயால் சொன்னது அது ஒன்றுதான்.
"தெரியும். எப்படி உச்சரிப்பது?"

இந்த்ர. இந்திர. மலார். மலர்.
ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்கு.
அவள் சத்தமாகச் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.
சாரதி திரும்பி என்னிடம் கேட்டான்:
"யாரக் கூப்புடுறாங்க?"