தூசி செய்த ராணி

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்
ஷபீர் பாய் ஜெராக்ஸ் கடை.
மேலே லாட்ஜ். பக்கத்தில் மருந்துக் கடை.
எதிரே மெஸ், அதன் போர்டு முழுக்க
எனக்குப் புரியாத எழுத்து.
ஒன்பது வருஷம் அந்த எழுத்தை நகலெடுத்தேன்,
ஒருநாளும் பார்த்ததில்லை.
கண்ணாடிமேல் கவிழ்த்துப் போடுவேன்,
பச்சை வெளிச்சம் ஓடி முடியும்,
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
அவ்வளவுதான் எனக்கு வங்காளம்.

ஒரு சித்திரையில்
இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வந்து
காட்பாடியில் இறங்கிய நிதாய் மண்டல்
மகளின் அட்டையை நீட்டினார்.
முன்பக்கம், பின்பக்கம், நான்கு நகல்.
வாங்கிப் போனவர் பத்தே நிமிஷத்தில் திரும்பினார்.
அட்டையையும் நகலையும் அருகருகே வைத்து
பெயரின் முதல் எழுத்தைத் தொட்டார்.
அட்டையில்: "பாணி."
எங்கள் வாணிதான், அவர் வாயில் பாணி.
நகலில்: "ராணி."

குனிந்து பார்த்தேன்.
அதே முக்கோணம். நகலில் மட்டும்
கீழே ஒரு புள்ளி.
மூடியைத் திறந்தேன்.
கடுகில் கால்வாசி, கருப்பாக,
கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது மைத்தூள்.

தண்ணீர் இல்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள்.
அந்த ஊரில் ஒரு தூசி
ராணி ஒருத்தியை உண்டாக்கிவிட்டது.
நிதாய் சிரித்தார்.
மகள் மேல்மாடியில் ஊசியோடு கிடக்க
அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததோ.

எனக்குக் கைமயிர் எழுந்து நின்றது.
எங்கள் எழுத்தில்
புள்ளி தலைமேல் ஏறினால் உயிர் போய்விடும்,
மெய் மட்டும் மிஞ்சும்.
இங்கே காலடியில் கிடந்தபடி
ஆளையே மாற்றுகிறதே!

அன்றைக்குப் பிடித்தது.
லாட்ஜ் படிக்கட்டில் தமிழும் வங்காளமும்
அடுத்தடுத்து எழுதியிருக்கும்:
'இங்கே துணி துவைக்காதீர்.'
அதுதான் என் முதல் பாடப்புத்தகம்.
லாட்ஜின் பெயரில் 'கா' கிடைத்தது,
மருந்துக் கடையின் பெயரில் 'மு'.
எங்கள் எழுத்து தரையில் சப்பணமிட்டு உட்காரும்.
அவை மேலே ஒரு கோட்டைப் பிடித்துத் தொங்கும்,
கொடியில் காயும் துணி மாதிரி.
ஆனால் கொம்பு மட்டும்
எங்களுடையதைப் போலவே முன்னால் வந்து நிற்கும்.
அதைக் கண்டுபிடித்த சாயங்காலம்
பஸ்ஸில் சத்துவாச்சாரியைத் தாண்டிப் போய்விட்டேன்.
"இதைப் படிச்சா சம்பளம் ஏறுமா?" என்றார் வீட்டுக்காரர்.
ஏறாது என்றேன்.
ஏறாது என்று சொல்லும்போதே
தட்டில் மிச்சமிருந்த ரசத்தில்
விரலால் ஒரு முக்கோணம் போட்டிருந்தேன்.

போன ஐப்பசியில், மழை பிடித்த மத்தியானம்,
ஷெஃபாலி வந்தாள்.
ஊர்க்காரர் யாரோ கொண்டுவந்த பொரிப் பொட்டலம்,
அதற்குள் நான்காய் மடித்த கடிதம்.
அவளுக்குப் படிக்கத் தெரியாது.
எனக்குப் படிக்க மட்டும்தான் தெரியும்.

கரண்ட் போன மாடிப்படியில் இறங்குவது போல
ஒவ்வொரு எழுத்தாகக் கால் வைத்தேன்.
சத்தம் என்னுடையது, அர்த்தம் அவளுடையது.
இரண்டு இடத்தில் திருத்தினாள்.
ஒரு வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள்,
பிறகு இன்னொரு தரம்.
மூன்றாவது தரம் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.
ஷபீர் பாய் மிஷினை நிறுத்திவிட்டார்.
வரிசையில் நின்ற யாரும் அவசரப்படுத்தவில்லை.

என்ன எழுதியிருக்கிறது என்று கையால் கேட்டேன்.
இரண்டு விரலைத் தலையில் கொம்பாக வைத்தாள்.
பிறகு உள்ளங்கையை முழங்கால் உயரத்துக்குத்
தாழ்த்திக் காட்டினாள்.
பசு. கன்று.
முந்தானையைக் கடித்த வரிக்குச் சைகை இல்லை.

போகும்போது கண்ணாடிமேல்
இரண்டு ரூபாய் வைத்தாள்.
வேண்டாம் என்பதற்கான வார்த்தையை
எந்த போர்டிலும்
இன்னும் வாசித்ததில்லை நான்.